ரத்தம் நின்றமாதிரி இருக்கிறது, இனி மொட்டைமாடிக்கு விடலாமா? (பொம்மி, 10 மாதம், நங்கநல்லூர்)

பொம்மி வீடு – செவ்வாய், காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பொம்மி நாட்டு நாய். போன வருட மழையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நனைந்துகொண்டிருந்தவளைத் தூக்கி வந்தோம். இப்போது முதல் முறையாக ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு வந்திருக்கிறாள். முதல் நாள் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் பார்த்ததும் காலில் கண்ணாடி குத்திவிட்டது என்று நினைத்து, டார்ச் அடித்து நான்கு பாதத்தையும் தேடினோம். விஷயம் புரியவே அரை நாள் ஆனது.

இன்றைக்கு 11-வது நாள். நேற்றிலிருந்து சிவப்பு போய் வெளிர் ரோஸ் நிறத்தில் கொஞ்சம்தான் வருகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இத்தனை நாள் உள்ளேயே அடைந்து கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. சாயங்காலம் மொட்டைமாடியில் அவிழ்த்து விடலாமா? மாடி போர்ஷனில் வீட்டு ஓனரின் லாப்ரடார் இருக்கிறது, ஆண். ஆனால் அதற்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது என்கிறார்கள்.

இன்னொரு தலைவலி, என் அத்தை. பூஜை அறை இருக்கிற வீடு, தீட்டு, அது முடிகிற வரை கேட் பக்கம் படிக்கட்டுக்கு அடியில் கட்டு என்கிறார். தினமும் இதே பேச்சு. டயப்பர் போட்டுப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் கிழித்துவிட்டாள். சோர்ந்து படுத்துக்கொண்டே இருக்கிறாள், நமக்கு மாதிரி வயிறு வலிக்குமோ? நான் போட்டுக்கொள்கிற வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கடைசி வருஷம் – செவ்வாய், காலை 7:52

அக்கா, முதலில் மாத்திரையைக் கீழே வையுங்கள். நம் வீட்டு டப்பாவில் இருக்கிற பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. ஈரல், வயிறு, சிறுநீரகம் என்று எதையாவது கெடுத்துவிடும், பாதி மாத்திரையும் விதிவிலக்கு இல்லை.

இரண்டாவது, மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். நீங்கள் முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் இது ஆரம்பிக்கிறது. நமக்கு வருகிற மாதவிடாய் வேறு, இது வேறு. நமக்குக் கரு தங்காததால் ரத்தம் வருகிறது. நாய்க்குக் கர்ப்பப்பை தயாராகும்போது ரத்தம் வருகிறது. சிவப்பாக வரும் முதல் 9 நாள் வாக்கில் ஆண் நாய்கள் சுற்றி வரும், இவள் பக்கத்தில் விட மாட்டாள், உறுமி விரட்டுவாள். நிறம் வெளுத்து வைக்கோல் தண்ணீர் மாதிரி ஆகும்போது அவளே கூப்பிட ஆரம்பிப்பாள். இதுவும் ஏறக்குறைய 9 நாள். சில நாய்க்கு 3 நாளில் முடியும், சிலதுக்கு 20 நாள் வரை இழுக்கும். அதனால் நாள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்.

ஒன்று பாருங்கள். வாலுக்குக் கொஞ்சம் முன்னால், முதுகில் கை வைத்துத் தடவினால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்குகிறாளா?

(வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன், இன்னும் டாக்டர் ஆகவில்லை. அதனால் உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள்.)

பொம்மி வீடு – செவ்வாய், காலை 8:05

ஐயோ, ஆமாம்! வாலை ஒதுக்கிக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்து இரண்டு நாளாக அங்கேயே தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வருஷம் – செவ்வாய், காலை 8:11

அப்படியென்றால் சந்தேகமே இல்லை, தயாராகிவிட்டாள். இன்றையிலிருந்து குறைந்தது 2 வாரம் கதவில் ஒரு கண் வையுங்கள். ஆணின் விந்தணு உள்ளே போனால் 5, 6 நாள் கூட உயிரோடு இருக்கும். "ஒரே ஒரு தடவைதானே, அதுவும் சீக்கிரமே நடந்துவிட்டதே" என்கிற கணக்கெல்லாம் எடுபடாது.

ஓனர் வீட்டு லாப்ரடாருக்கு ஆபரேஷன் எப்போது ஆனது? சும்மா கேட்கவில்லை.

தெருவோரம் – செவ்வாய், காலை 9:30

எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஒரு தடவை குட்டி போட்டால்தான் பெண் நாய்க்கு உடம்பு நல்லா இருக்கும், பெரியவர்கள் சொல்வார்கள். இல்லை என்றால் ஹீட்டைத் தள்ளிப்போட ஊசி இருக்கிறது, கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வாசனை வராமல் இருக்க வால் பக்கம் தைலம் தடவுங்கள், ஒரு நாயும் கிட்ட வராது.

கடைசி வருஷம் – செவ்வாய், காலை 9:48

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்றுமே தப்பு. குட்டி போட்டால் ஆரோக்கியம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தள்ளிப்போடும் ஊசி ஹார்மோன். அதைப் போட்ட நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் முலையில் கட்டி வருவதும் அதிகம். தைலத்தில் கற்பூரம் இருக்கும், அவள் அந்த இடத்தை நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருப்பாள், கற்பூரம் நாய்க்கு விஷம். இத்தனைக்கும் ஆண் நாயின் மூக்கு அந்தத் தைலத்தைத் தாண்டி மோப்பம் பிடித்துவிடும்.

லாரி வந்த நாள் – செவ்வாய், மதியம் 1:20

மேடம், மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் அதே இடத்தில் நான் போன வருடம் இருந்தேன். ரத்தம் நின்றது, முடிந்தது என்று நினைத்தேன். 13-வது நாள் தண்ணீர் லாரி வந்தது. ஓஸ் உள்ளே வர கேட்டைத் திறந்து வைத்தோம், மொத்தம் ஐந்து நிமிடம். திரும்பிப் பார்த்தால் எங்கள் ஜூலியும் தெருவில் திரியும் வெள்ளை நாயும் பின்பக்கம் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், நான் இழுக்கப் பார்த்தேன். அந்த நாய் என் கையைக் கவ்வியதுதான் மிச்சம். சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஓடிப்போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டேன்.

அப்புறம் டாக்டர் திட்டினார். மாட்டிக்கொண்டபின் இழுத்தால் இரண்டுக்கும் உள்ளே கிழிந்துவிடுமாம். 10 நிமிடமோ அரை மணியோ, தானாக விடுபடும் வரை பெண் நாயைப் பிடித்து அமைதியாக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். முக்கியமானது அதற்கப்புறம். அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் போயிருந்தால் வழிகள் இருந்திருக்கும் என்றார். நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று 40 நாள் கழித்துப் போனேன். ஸ்கேனில் ஆறு குட்டி. நான்குக்கு வீடு கிடைத்தது. இரண்டு எங்களோடுதான் இருக்கின்றன, இப்போது இதை எழுதும்போது என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கின்றன.

கம்பி கேட் என்றால் இன்னும் ஜாக்கிரதை. இடைவெளி இருந்தால் கம்பி வழியாகவே நடந்துவிடும், நம்ப மாட்டீர்கள். கீழ்ப்பாதிக்கு ஒரு தகரம் அடித்துவிடுங்கள்.

மாம்பலம் பாட்டி – செவ்வாய், மதியம் 3:45

அம்மா, உன் அத்தை விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கும் அவர் வயதுதான். தீட்டு இல்லை என்று வாதாடாதே, ஜெயிக்க மாட்டாய். பூஜை அறைப் பக்கம் போகாமல் ஹாலில் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, பின்கட்டை அவளுக்குக் கொடு. அத்தைக்கும் மனசு ஆறும்.

வெளியே கட்டுகிற பேச்சை மட்டும் இப்படி நிறுத்து: "கட்டிவிடலாம் அத்தை. ஆனால் ராத்திரி தெருவில் இருக்கிற அத்தனை கடுவனும் நம் வாசலில் நிற்கும், சண்டை போடும், கேட்டில் காலைத் தூக்கும். விடியற்காலையில் நீங்கள் கோலம் போட முடியாது." அவரே உள்ளே கூட்டி வரச் சொல்வார், பார்.

டயப்பருக்குப் பதில், சின்னப் பையன்கள் போடும் ஜட்டியை வாங்கு. முன்பக்கம் திறப்பு வைத்துத் தைத்திருக்கும் பார், அந்த மாதிரி. முன்பின்னாகத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தத் திறப்பு வழியாக வால் வந்துவிடும். உள்ளே பழைய வேட்டித் துணியை மடித்து வை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்று. ராத்திரி தூங்கும்போது கழற்றிவிடு, இல்லையென்றால் தோல் புண்ணாகும். டயப்பரை அவள் கடித்து உள்ளே இருக்கும் பஞ்சையும் ஜெல்லையும் விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும், வேண்டாம்.

கடைசி வருஷம் – செவ்வாய், மாலை 6:15

பாட்டி சொன்ன ஜட்டி அருமையான வழி. ஒரே ஒரு எச்சரிக்கை: அது தரை அழுக்காகாமல் இருக்கத்தான். கருத்தரிக்காமல் காப்பாற்றாது, ஆண் நாய்க்கு அந்தத் துணி ஒரு தடையே இல்லை.

சிறுநீர், மலம் கழிக்க வெளியே கூட்டிப் போகும்போது ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை), கழுத்து பெல்ட் இரண்டும் போட்டு, இரண்டிலும் செயின் மாட்டுங்கள். வழக்கமாகக் கூப்பிட்டால் வருகிற நாய் கூட இந்த வாரம் காதில் வாங்காது. அதிகாலை 5 மணி சென்னையில் மோசமான நேரம், தெரு நாய்கள் கூட்டமாக இருக்கும். வெயில் ஏறிய மதியம் அவை கார் அடியில் படுத்திருக்கும்போது போய் வாருங்கள். பின்கட்டில் துணி துவைக்கும் கல் இருந்தால் அங்கேயே பழக்கிவிடுவது இன்னும் நல்லது. கேட் ஓரத்தில் அவள் சிறுநீர் கழித்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அதுதான் தெருவுக்கே அழைப்பிதழ்.

தெரு நாயோடு சேர்ந்தால் குட்டி மட்டும் பிரச்சினை இல்லை. நம் ஊர் தெரு நாய்களிடம் பிறப்புறுப்பில் காலிபிளவர் மாதிரி வளரும் ஒரு புற்றுக்கட்டியை நிறையப் பார்க்கிறோம். சேரும்போது ஒட்டிக்கொள்ளும். வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும், ஆனால் வாராவாரம் போட்டாக வேண்டும், நாய்க்கும் சிரமம், நமக்கும் சிரமம்.

பொம்மி வீடு – செவ்வாய், இரவு 9:02

மாடியில் கேட்டேன். லாப்ரடாருக்கு ஆபரேஷன் ஆகி 18 நாள்தான் ஆகிறதாம்!

கோலம் வசனம் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில் அத்தை, "சரி சரி, பின்கட்டிலேயே இருக்கட்டும், நாய்தானே" என்றார். பாட்டிக்கு நமஸ்காரம்.

கடைசி வருஷம் – செவ்வாய், இரவு 9:10

அதற்காகத்தான் கேட்டேன். ஆபரேஷன் ஆன ஆண் நாயிடம் கூட மிச்சம் இருக்கும் விந்தணு சில வாரம் தங்கும். ஒரு மாதமாவது ஆகாமல் நம்பக் கூடாது. மாடிக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்கள்.

பொம்மி வீடு – 13 நாள் கழித்து, திங்கள்

24-வது நாள். ஒன்றும் வரவில்லை, வீக்கம் வடிந்துவிட்டது, தடவினால் வாலை ஒதுக்கவில்லை, தெருவில் வந்த கறுப்பு நாயைப் பார்த்துக் குரைத்து விரட்டினாள். நடுவில் ஒரு நாள் பக்கத்து மனையில் ஏழு நாய் உட்கார்ந்திருந்தன. ஒருவர் கல்லை எடுத்தார், வேண்டாம் என்று கெஞ்சி, ஆளுக்கொரு நேரம் வாசலைக் கழுவிச் சமாளித்தோம்.

உடனே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாமா? அடுத்த தடவை இந்த நாடகம் என்னால் முடியாது.

கடைசி வருஷம் – திங்கள்

உடனே வேண்டாம். ஹீட் முடிந்த சமயத்தில் கர்ப்பப்பைப் பக்கம் ரத்த ஓட்டம் அதிகம். 2, 3 மாதம் விட்டுச் செய்யச் சொல்வார்கள். அடுத்த ஹீட் சராசரியாக 6, 7 மாதத்தில் வரும் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வேப்பேரியில் செய்கிறார்கள், வேளச்சேரி ரோட்டில் ப்ளூ கிராஸ் என்கிற விலங்கு நல அமைப்பிலும் கேட்கலாம். தெரு நாய்க் கருத்தடையை 1964-லேயே தொடங்கியவர்கள்.

இந்த 2 மாதமும் ஒன்றைக் கவனியுங்கள், மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். திடீரென்று தண்ணீர் நிறையக் குடித்தாலோ, சாப்பாட்டைத் தொடாமல் வாந்தி எடுத்தாலோ, சீழ் மாதிரி ஏதாவது வந்தாலோ அன்றைக்கே டாக்டர். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சில நாய்க்கு வெளியே எதுவும் வராது, உள்ளேயே அடைத்துக்கொள்ளும், அது இன்னும் ஆபத்து. அதே மாதிரி ரத்தம் 4 வாரத்தைத் தாண்டி வந்தாலோ, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் தெரிந்தாலோ ஹீட் என்று விட்டுவிடாதீர்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பொம்மி வீடு – 7 வாரம் கழித்து

மறுபடியும் நான்தான். யாரோடும் சேரவில்லை, சத்தியமாக. ஆனால் பொம்மிக்குப் பால் சுரக்கிறது! என் பழைய நைட்டியை இழுத்துக் கட்டிலடியில் மெத்தை மாதிரி செய்து, ஒரு ரப்பர் வாத்தை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கிட்டப் போனால் உறுமுகிறாள். அத்தை வெந்தயக் களி கிண்டலாமா என்று கேட்கிறார்.

மாம்பலம் பாட்டி

வாத்துக்குப் பேர் வைத்தாயிற்றா?

கடைசி வருஷம்

பொய்க் கர்ப்பம் அக்கா, ஹீட் முடிந்து 6 முதல் 8 வாரத்தில் சகஜம். பாலைப் பிழியாதீர்கள், தடவவும் வேண்டாம், தூண்டினால் இன்னும் சுரக்கும். வாத்தை அவள் பார்க்காதபோது எடுத்து ஒளித்துவிட்டு, கொஞ்சம் கூடுதலாக நடக்கக் கூட்டிப் போங்கள். 2, 3 வாரத்தில் சரியாகிவிடும். முலை சூடாக, கெட்டியாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். பால் வற்றிய பிறகுதான் ஆபரேஷன், தேதியைத் தள்ளி வையுங்கள். களி வேண்டாம்.

பொம்மி வீடு

வாத்து இப்போது பீரோ மேல் இருக்கிறது. கீழே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

புதுசு – நேற்று

இழை முழுக்கப் படித்தேன், எங்கள் வீட்டில் இன்று 3-வது நாள். அந்த ஜட்டி எந்த வயதுப் பையன் அளவு வாங்க வேண்டும்? எங்களுடையது பக் இன நாய், குண்டு.

மாம்பலம் பாட்டி – நேற்று

வயதைப் பார்க்காதே. வாலுக்கு முன்னால் இடுப்பைச் சுற்றி நூல் பிடித்து அள, அந்த நூலைக் கடைக்கு எடுத்துப் போ. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால் பேரனுக்கு என்று சொல்லிவிடு.