கோழிக்குஞ்சுப் பெட்டியிலை சூட்டு பல்ப் போட்டால் ஒரு மணித்தியாலத்திலை ரிப் சுவிச் விழுது: தெரிஞ்சவை சொல்லுங்கோ

உரும்பிராய்_மகள்

வணக்கம். அம்மா 40 ஊர்க்கோழிக் குஞ்சு வாங்கினவ. இண்டைக்கு ஆறாம் நாள். பழைய மாட்டுக்கொட்டிலுக்குள்ளை பலகைப் பெட்டி அடிச்சு, உமி பரப்பி, 250 வாற் சிவப்புச் சூட்டு பல்ப் ஒண்டு தொங்கவிட்டிருக்கிறம். கொட்டில் இரும்புப் பைப்பும் தகரமும். பல்புக்கு அலுமினிய மூடி போட்டு, அந்த மூடியைக் கட்டுக்கம்பியாலை கூரைப் பைப்பிலை கட்டியிருக்கு. பல்ப் திருகு வகை, எங்களிட்டை இருந்த ஹோல்டர் பின் வகை. அதாலை நடுவிலை ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் அடாப்டர் போட்டனாங்கள். வீட்டிலையிருந்து இரட்டை வயர் இழுத்தது. நீளம் காணாமல் ஒரு இடத்திலை முறுக்கி ரேப் சுத்தியிருக்கு.

பின்னேரம் ஆறு மணிக்குப் போட்டால் ஏழு, ஏழேகால் மட்டும் வடிவா எரியும். பிறகு மெயின் போர்ட்டிலை ரிப் சுவிச் விழுந்து முழு வீடும் இருட்டு. உடனை தூக்கினால் நிக்காது. அரை மணித்தியாலம் விட்டுத் தூக்கினால் நிக்கும். திருப்பியும் ஒரு மணித்தியாலத்திலை விழும். நேற்று இரவு நாலு தரம். விடியப் பார்க்க ரெண்டு குஞ்சு செத்துக் கிடந்தது. அம்மா அழுதிட்டா.

சுவிச் பழசாப் போச்சு, அதைக் கழட்டிப்போட்டு நேரை குடுப்பம் எண்டு அப்பா சொல்லுறார். எனக்கு மனம் ஒப்பேல்லை. என்ன செய்யலாம்?

கொக்குவில்_வயரிங்

தங்கச்சி, முதல்லை பிளக்கைக் கழட்டுங்கோ. சுவிச்சை மட்டும் நிப்பாட்டினால் காணாது. கழட்டும் வரைக்கும் அந்த மூடியிலையோ கட்டுக்கம்பியிலையோ கொட்டில் பைப்பிலையோ ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அம்மாவுக்கும் சொல்லுங்கோ, குஞ்சுக்குத் தண்ணி வைக்கப் போற ஆள் அவதானே.

ரிப் சுவிச்சை நேரை குடுக்கிற கதையை விடுங்கோ. அது பழுதில்லை எண்டுதான் எனக்குப் படுகுது, கரண்ட் எங்கையும் மண்ணுக்குக் கசிஞ்சால் விழுறதுதான் அதின்ரை வேலை. ஒரு சோதனை செய்வம். பல்பைக் கழட்டிப்போட்டு, அடாப்டரும் வயரும் இருந்தபடியே இருக்க, பிளக்கைக் குத்தி ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ. கிட்டப் போகாதேங்கோ. விழுதோ இல்லையோ சொல்லுங்கோ.

குஞ்சுகளுக்கு இண்டைக்கு இரவு சுடுதண்ணிப் போத்தல்களைச் சாக்கிலை சுத்திப் பெட்டிக்குள்ளை வையுங்கோ. ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். கரைச்சல்தான், ஆனால் அதாலை ஒருத்தருக்கும் கரண்ட் அடிக்காது.

இணுவில்_தம்பி

எனக்கும் முந்தி உப்பிடி நடந்தது. 100 மில்லிஅம்பியர் ரிப் சுவிச் வாங்கி மாத்தினன், பிறகு விழேல்லை. வயரின்ரை தடிப்பும் காணாதெண்டு நினைக்கிறன்.

கொக்குவில்_வயரிங்

தம்பி, கோவிக்காதேங்கோ, ரெண்டும் பிழை. 250 வாற் பல்ப் 230 வோல்ற்றிலை ஒரு அம்பியருக்குக் கொஞ்சம் மேலைதான் இழுக்கும். அதுக்குச் சாதாரண இரட்டை வயரே தாராளம். 30 மில்லிஅம்பியர் கசிஞ்சால் சுவிச் விழ வேணும் எண்டது மனிச உயிரை நினைச்சு வைச்ச அளவு. 100க்கு மாத்தினால் சுவிச் விழாமல் நிக்கும், ஆனால் தொடுற ஆள் விழுவார். உங்கட வீட்டிலையும் அந்தக் கசிவு இன்னும் கிடக்கு, கெதியா ஆரையும் கூப்பிட்டுப் பாருங்கோ.

எங்கட பக்கத்திலை இது இன்னும் முக்கியம். செம்மண் கொஞ்ச ஆழம்தான், கீழை சுண்ணக்கல். எர்த் கம்பி அடிச்சால் கல்லிலை முட்டி நிக்கும். கோடையிலை மண் காய்ஞ்சால் தடை இன்னும் கூடும். எர்த்துக்கு 50 ஓம் தடை எண்டு வைப்பம். லைவ் வயர் ஒரு தகரத்திலை முட்டினால் மண்ணுக்கு ஓடுறது 230ஐ 50ஆலை பிரிச்ச அளவு, 4.6 அம்பியர். 10 அம்பியருக்கு மேலை இழுத்தால் விழுற பிரேக்கர் அதுக்கு அசையாது. தகரம் முழுக்க கரண்டோடை நிக்கும், வீட்டிலை லைட்டும் எரியும், ஒருத்தருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கிறது ரிப் சுவிச் ஒண்டுதான். அப்பாவுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கோ.

உரும்பிராய்_மகள்

அண்ணை, நீங்கள் சொன்னபடி பல்பைக் கழட்டி விட்டுப் பார்த்தம். மூண்டு மணித்தியாலம், விழவேயில்லை. கழட்டேக்கை அடாப்டரின்ரை வாய்ப் பக்கம் மண்ணிறமாக் கிடந்தது. ஒரு மாதிரி மீன் நாத்தமும் வந்தது.

கொக்குவில்_வயரிங்

அதுதான் பிழை. பிளாஸ்ரிக் சூடேறி உருகத் தொடங்கினால் அந்த நாத்தம் வரும். சூட்டு பல்பின்ரை கழுத்துச் சூட்டைச் சாதாரண பிளாஸ்ரிக் தாங்காது. வயரின்ரை மேல்தோலும் 70 பாகை வரைக்கும்தான் தாங்கும். ஒரு மணித்தியாலத்திலை அடாப்டர் இளகி, உள்ளுக்கு லைவ் பக்கம் சாய்ஞ்சு மூடியிலை முட்டுது. மூடி கட்டுக்கம்பியிலை, கம்பி பைப்பிலை, பைப் ஈர மண்ணிலை. ஆறினால் திருப்பி விலகும், அதுதான் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு சுவிச் நிக்குது.

செய்ய வேண்டியது இது. திருகு வகை செராமிக் ஹோல்டர் நேரடியா வாங்குங்கோ, அடாப்டர் வேண்டாம். மூண்டு வயர் உள்ள கேபிள், ஒரே நீளமா, நடுவிலை ஜொயின்ற் இல்லாமல். பச்சை மஞ்சள் வயரை மூடியிலை இறுக்கிப் பூட்டுங்கோ. லைவ் ஹோல்டரின்ரை நடுப் புள்ளிக்கு, நியூற்றல் திருகுச் சுத்துக்கு. மாறிக் குடுத்தால் பல்ப் மாத்தேக்கை விரல் லைவிலை முட்டும். சதுரப் பின் பிளக் எண்டால் உள்ளுக்கு இருக்கிற 13 அம்பியர் பியூசைக் கழட்டி 3 அம்பியர் போடுங்கோ. தொங்கவிடச் சங்கிலி. கேபிளிலை பாரம் வரக் கூடாது. சங்கிலி அறுந்தாலும் உமியிலை விழாமல் ரெண்டாவது சங்கிலியும் வேணும், ஏனெண்டால் உமி பத்தினால் ரிப் சுவிச்சும் காப்பாத்தாது. ஆரும் தெரிஞ்ச எலக்ரீசியனைக் கொண்டே செய்விச்சு, மெகர் (கூடின வோல்ற் குடுத்து வயரின்ரை கசிவைப் பார்க்கிற மீற்றர்) வைச்சு ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்கோ. சாதாரண மல்ரிமீற்றர் இந்தக் கசிவைச் சில நேரம் காட்டாது.

ரொறன்ரோ_மானிப்பாயான்

அக்கா, நான் கோழி வளர்க்கேல்லை. இங்கை வீட்டுக்குள்ளை ஒரு சோளப்பாம்பு வைச்சிருக்கிறன். பெட்டியின்ரை ஒரு பக்கம் 30 பாகை, மற்றப் பக்கம் 24 பாகை, குளிர் நாடெண்டபடியால் வருசம் முழுக்கச் சூடு குடுக்க வேணும். ஊரிலை பாம்பு எண்டால் தடி தேடுவினம், ஆனால் பெட்டிக்குச் சூடு குடுக்கிற விசயத்திலை குஞ்சும் பாம்பும் ஒண்டுதான்.

நாங்கள் தேர்மோஸ்ராற், அதாவது சூட்டைப் பார்த்துத் தானாப் போட்டு நிப்பாட்டுற கருவி, இல்லாமல் ஒண்டும் கொழுவிறதில்லை. சூட்டுப் பாயைச் சும்மா விட்டால் பாம்பின்ரை வயிறு வேகும், அது சில நேரம் சூட்டை விட்டு விலகாமலே கிடக்கும். தேர்மோஸ்ராற்றின்ரை உணர்முனையை அசையாமல் கட்டுங்கோ. அது பெட்டிக்கு வெளியிலை விழுந்தால் குளிர் எண்டு நினைச்சு பல்பை எரிச்சுக்கொண்டே இருக்கும். உள்ளுக்கு இருக்கிற ரிலே எண்ட சுவிச் ஒட்டிப்போய் நிப்பாட்டாமல் விடுறதும் உண்டு. அதாலை வேறை ஒரு வெப்பமானியும் கட்டாயம் தொங்கவிடுங்கோ. வெளிச்சம் இல்லாத செராமிக் சூட்டு பல்ப் வாங்கினால் கவனம், அதின்ரை மேற்பரப்பு 200 பாகைக்கு மேலை போகும், சுத்திவரக் கம்பி வலை வேணும். ரெஃப்ளோன் பூசின பல்ப் மட்டும் வேண்டாம். அந்தப் புகை பறவைகளைக் கொல்லும்.

சுன்னாகம்_அன்ரி

பிள்ளை, நான் கனகாலமாக் குஞ்சு வளர்க்கிறன். மார்கழி, தை இரவிலையும் எங்கட ஊர் 20 பாகைக்குக் கீழை இறங்கிறது குறைவு. முதல் கிழமைக் குஞ்சுக்கு 32 முதல் 35 வேணும், பிறகு கிழமைக்கு 3 பாகை குறைச்சுக்கொண்டு வாறது. 40 குஞ்சுக்கு 250 வாற் பெரிசு. ரெண்டு 60 வாற் குண்டு பல்ப் காணும். எல்ஈடி வாங்கிப் போடாதேங்கோ, அதிலை சூடு வராது. ரெண்டு பல்ப் எண்டால் ஒண்டு போனாலும் மற்றது இருக்கும்.

வெப்பமானியை விடக் குஞ்சைப் பாருங்கோ. பல்புக்குக் கீழை குவிஞ்சு கத்தினால் குளிர். மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பரவலாப் படுத்தால் சரி.

உரும்பிராய்_மகள்

எல்லாருக்கும் நன்றி. நேற்று எலக்ரீசியன் வந்து அடாப்டரை உடைச்சுக் காட்டினவர். உள்ளுக்குக் கரி. அப்பா அதைக் கையிலை வைச்சு கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார், ஒண்டும் கதைக்கேல்லை. மூண்டு வயர் கேபிள், ரெண்டு செராமிக் ஹோல்டர், மூடிக்கு எர்த், சங்கிலி எல்லாம் போட்டாச்சு. ரெண்டு 60 வாற் பல்ப். இரவு முழுக்க எரிஞ்சது, விழேல்லை. 38 குஞ்சும் பரந்து படுத்திருந்தது.

கொக்குவில்_வயரிங்

சந்தோசம் தங்கச்சி. ரிப் சுவிச்சிலை இருக்கிற ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருக்கா அமத்திப் பாருங்கோ, விழ வேணும். கேபிள் பிளக்குக்கு வர முதல் கொஞ்சம் கீழை வளைஞ்சு தொங்கட்டும், மழைத்தண்ணி ஓடி வந்தாலும் அந்த வளைவிலை சொட்டிப்போடும். தகரம் ஒழுகுதோ? எரிஞ்சுகொண்டிருக்கிற பல்பிலை ஒரு துளி குளிர் தண்ணி பட்டால் கண்ணாடி வெடிக்கும், கீழை உமி.

உரும்பிராய்_மகள்

இப்பதான் போய்ப் பார்த்தனான் அண்ணை. பெட்டிக்கு நேரை மேலை ரெண்டு ஆணி ஓட்டை. பெட்டியை மற்றப் பக்கம் இழுத்து வைச்சிட்டம். நாளைக்கு அப்பா ஏறித் தார் வைக்கிறார்.