மேடவாக்கம் சென்னையா, இல்லையா?

குழு: நம்ம குடும்பம் 🌴

கார்த்தி: பால் காய்ச்சியாச்சு 🏠 இன்று முதல் நாங்களும் சென்னைவாசிகள்!

அம்பத்தூர் பெரியப்பா: நல்லா இருங்கடா. அதுசரி, மேடவாக்கம் எப்போது சென்னையில் சேர்ந்தது?

கார்த்தி: பின்கோடு 600-இல்தான் தொடங்குகிறது பெரியப்பா.

அம்பத்தூர் பெரியப்பா: அது தபால்காரருக்கு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்.

கார்த்தி: ஊதா முத்திரை கொஞ்சம் கலங்கியிருக்கிறது, இருங்க... மேடவாக்கம் ஊராட்சி. புனித தோமையார் மலை ஒன்றியம். செங்கல்பட்டு மாவட்டம் 😐

மயிலாப்பூர் அத்தை: அய்யோ, உனக்கு மேயரே கிடையாதாடா 😂 நாங்கள் அசல் சென்னை. 1688-இல் தொடங்கிய மாநகராட்சி.

அம்பத்தூர் பெரியப்பா: 1688-இல் அது கோட்டையும் சுற்றுப்புறமும்தான் அம்மா. மயிலாப்பூர் அதில் இல்லை.

மயிலாப்பூர் அத்தை: 🙄

அம்பத்தூர் பெரியப்பா: என் கதையைக் கேள் கார்த்தி. நான் வீடே மாறவில்லை. 2011-இல் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் என்று 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு சேர்த்தார்கள். 174 சதுர கி.மீ. 426 ஆனது, வார்டு 155-இலிருந்து 200. நானும் சென்னைக்காரன் ஆனேன். ஆனால் மாவட்டம் திருவள்ளூராகவே இருந்தது. வரி கட்டுவது சென்னைக்கு, பட்டா என்றால் திருவள்ளூர் கலெக்டர். 2018-இல்தான் மாவட்டமும் சென்னை ஆனது. ஏழு வருடம்!

பள்ளிக்கரணை அக்கா: எங்களுக்கு இன்னும் கூத்து. மாநகராட்சி சென்னை, தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன். ஆனால் போலீஸ் 2022-லிருந்து தாம்பரம் கமிஷனர். கார்த்தி, உன் தெருவிளக்குக்கு 1913 கூப்பிடாதே. ஊராட்சி ஆபீஸ்தான்.

தாம்பரம் சித்தப்பா: நாங்கள் உங்களோடு சேரவே இல்லை. 2021-இல் 5 நகராட்சி, 5 பேரூராட்சியைச் சேர்த்து எங்களுக்கே தனி மாநகராட்சி 😎

கார்த்தி: அப்போ எனக்குச் சென்னை எதுவுமே இல்லையா?

பள்ளிக்கரணை அக்கா: ஓட்டு இருக்கே. சோழிங்கநல்லூர் தொகுதிதானே நீ? எம்.பி. தென்சென்னை.

கார்த்தி: செங்கல்பட்டில் குடியிருந்து தென்சென்னைக்கு ஓட்டா!

அம்பத்தூர் பெரியப்பா: ஃபிளாட் பிளானையும் பார். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் இருக்கும். மாநகராட்சி எல்லை வேறு, அவர்கள் எல்லை வேறு. முதலில் 1,189 சதுர கி.மீ., 2022-இல் அதை 5,904 ஆக்கிவிட்டார்கள். அரக்கோணம் வரை.

அரக்கோணம் மாமா: என்னைக் கூப்பிட்டீர்களா?

மயிலாப்பூர் அத்தை: வாங்க, நீங்களும் சென்னையாம் 😂

கார்த்தி: மாமா, மேயர் இல்லாதவர்கள் ஒரு தனிக் குழு ஆரம்பிப்போமா?

மயிலாப்பூர் அத்தை: அதெல்லாம் அப்புறம். சாயங்காலம் வருகிறோம், அட்ரஸ் அனுப்பு.

கார்த்தி: இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பாலம் தாண்டி வலதுபுறம் வந்து போன் பண்ணுங்க. மேடவாக்கம், சென்னை – 600100.

அம்பத்தூர் பெரியப்பா: 'சென்னை'யாம் 😄

மயிலாப்பூர் அத்தை: விடுங்க அண்ணா, ஆட்டோக்காரருக்குப் புரிந்தால் போதும். டிபன் என்னடா?