ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு வைட்டமின் மாத்திரை

மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 47. எடை 88 கிலோவைத் தொட்டபோது டாக்டரம்மா அதைக் குறைக்க ஆர்லிஸ்டாட் என்ற மாத்திரை, 120 மில்லிகிராம், எழுதிக் கொடுத்தார். மூன்று வேளைச் சாப்பாட்டோடும் ஒன்று. கூடவே ஒரு மல்டிவைட்டமினும் சீட்டில் இருந்தது. மருந்துக்கடையில் இரண்டு உறையிலும் 'சாப்பிட்ட பின்' என்றே எழுதித் தந்தார்கள். நானும் மதியம் சாப்பிட்டு எழுந்ததும் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடுவேன்.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. எடை ஆறு கிலோ இறங்கியது. ஆனால் ஸ்டேஷன் படி ஏறினால் தொடை கல்லாகக் கனக்கும், முழங்காலுக்குக் கீழே எலும்பை அழுத்தினால் வலிக்கும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11. இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு. ஒரு நாள்கூட விடாமல் வைட்டமின் போட்டவள் நான். அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "எத்தனை மணிக்குப் போடுறீங்க?" என்றுதான். சொன்னதும் தாளில் குடலை வரைந்து காட்டினார். கொழுப்பைச் செரிக்க வைக்கும் லைபேஸ் என்ற நொதியை ஆர்லிஸ்டாட் தடுத்துவிடுகிறது. சாப்பிடுகிற கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடம்பில் ஒட்டாமல் வெளியே போய்விடும். பஜ்ஜி சாப்பிட்ட மறுநாள் கழிப்பறைத் தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் மிதக்கும். இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அது தெரியும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைகிற வைட்டமின்கள். நான் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு அந்த எண்ணெயோடு போயிருக்கிறது. வெயிலே எட்டிப் பார்க்காத எங்கள் ஃப்ளாட்டும் ஒரு காரணம் என்றார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு, வைட்டமின் பத்தரைக்கு. ஆர்லிஸ்டாட்டுக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் 60,000 யூனிட் டி-யும் அதே நேரத்தில், ஒரு டம்ளர் பாலோடு. எனக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு. அதற்கும் ஆர்லிஸ்டாட்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம். அதனால் அது விடியற்காலை ஐந்துக்கு, இட்லியும் ஆர்லிஸ்டாட்டும் ஒன்பதரைக்கு. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் டி 29. படி ஏறுவதில் இப்போது சிரமம் இல்லை.

என் நாத்தனார் பெங்களூருவில் எடை குறைக்க வாரம் ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறாள். அந்த மருந்து கொழுப்பை இப்படி வெளியே தள்ளுவதில்லை. பசியே எடுக்காமல் சாப்பாடு குறைவதால் சத்து குறையலாம், அது வேறு கணக்கு. அவளுடைய டாக்டர் சொல்வதுதான் அவளுக்கு.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே எதிர்வீட்டு மாமியால்தான். நான் இளைத்ததைப் பார்த்து, "பேரைச் சொல்லுடி, நானும் வாங்கிப் போட்டுக்கறேன்" என்றார். அவருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். வைட்டமின் கே குறைந்தால் அந்த மருந்தின் வேகம் கூடி, ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். பேரைச் சொல்லாமல், அவருடைய மாத்திரை டப்பாவோடு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். மாமிக்கு அந்த மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் என்னோடு டயமண்ட் கார்டனுக்கு நடக்க வருகிறார்.