வேலிக்கு அந்தச் செடியை நடும் முன்

எல்லோருக்கும் வணக்கம்.

வேலிக்கு அந்த வெளிநாட்டுப் புதர்ச்செடியை வைக்கலாம் என்ற யோசனையைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. தண்ணீர் கேட்காது, ஆடுமாடு வாய் வைக்காது, வெட்ட வெட்டத் தழைக்கும் என்று மூன்று நல்ல குணங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குப் பயமே அந்த மூன்றும்தான். வேலியைத் தாண்டிவிட்டால் அதே குணங்களை வைத்துத்தான் அது மற்ற செடிகளை விழுங்கும்.

உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிச் செடி, பூ அழகாக இருக்கிறதே என்றுதான் நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். மிளகு போலக் கறுத்த பழம். பறவை தின்றுவிட்டு எங்கோ போய் எச்சமிடும். ஒருமுறை மின்கம்பிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், கம்பி போகிற போக்கிலேயே நாற்றுகள் வரிசை கட்டி நின்றன, ஓர் இலையைக் கசக்கினால் அதே காட்டமான நெடி. யாரும் நட்டதில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், மாடு தின்றால் ஈரல் கெடும்.

சரி, நாம் பேசுகிற செடியும் அப்படித்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆஸ்திரேலியாவில் புதுச் செடியை உள்ளே விடும் முன் 49 கேள்விகள் கேட்டு, அது களையாகும் ஆபத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 6-ஐத் தாண்டினால் அனுமதி இல்லை, 1-க்குக் கீழே இருந்தால் விடலாம், நடுவில் நின்றால் இன்னும் ஆராய வேண்டும். நாம் 49-ம் கேட்க வேண்டாம், இதே தட்பவெப்பம் உள்ள வேறு இடத்தில் இது களையாகியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அப்புறம் விதை எவ்வளவு, அதை யார் சுமக்கிறார்கள், மண்ணில் எத்தனை வருடம் உயிரோடு கிடக்கும் என்பது. கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்புதரின் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் காத்திருக்கும், புதரை அழித்தவர் ஓய்ந்துபோன பிறகும் முளைக்கும்.

'பத்து வருடமாக என் தோட்டத்தில் நிற்கிறது, பரவவே இல்லையே' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பி இறங்க முடியாது, ஏனென்றால் பல புதர்கள் பல வருடம் சும்மா நின்றுவிட்டு, சரியான பறவையோ தீயோ வெள்ளமோ வாய்த்ததும் ஒரேயடியாகப் பரவியிருக்கின்றன.

யோசனை சொன்னவர் செடியின் அறிவியல் பெயரை மட்டும் அனுப்புங்கள், அழகுப் பெயர் வேண்டாம், அதே பெயரில் நாலு செடி இருக்கும். எங்கெங்கே களையாகியிருக்கிறது என்று நான் தேடி எழுதுகிறேன். அதுவரை நாற்றுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.