அண்ணன் திடீர்னு குடிய நிறுத்திட்டான், கை நடுங்குது, என்ன பண்றது? (கடலூர்)

கடலூர்_ஓடி_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் பெயிண்டிங் வேலை, பதினஞ்சு வருஷமா குடிக்கிறான், மொதல்ல சனிக்கிழம மட்டும்தான், அப்பறம் கூலி கைக்கு வந்த உடனே ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி முள்ளோடைக்கு வண்டிய விட்ருவான், பாண்டி சரக்கு ரேட் கம்மின்னு, இப்பல்லாம் பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே வேணும். அண்ணி தோடு அடகுல இருக்கு. எட்டாவது படிக்கிற அவன் பொண்ணு "மீட்டிங்குக்கு நீ வராதப்பா, அம்மா வரட்டும்"னு சொல்லிருச்சு, அதுல ஒடஞ்சு போயி முந்தாநேத்துலேருந்து ஒரு சொட்டு தொடல. ஆனா டீ டம்ளர ரெண்டு கையால புடிச்சும் பாதி சட்டையில ஊத்திக்கிறான், ராத்திரி பூரா வேர்வை, தூக்கமே இல்ல, செவுத்துல எறும்பு போவுதுன்னு தட்டிக்கிட்டே இருக்கான், அங்க ஒண்ணுமே இல்ல. அம்மா கோயில்ல கயிறு கட்டலாம்ங்கறாங்க. பக்கத்து வீட்டக்கா சாம்பார்ல தெரியாம கலந்து குடுக்கற பொடி இருக்குன்னு சொல்றாங்க, வாங்கலாமா?

வார்டு_நர்ஸ்:
தங்கச்சி, பொடி பேச்செல்லாம் விடும்மா, இப்பவே ஜிஹெச் எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போ, இல்லன்னா 108க்கு போன் போடு. தெனம் குடிச்சவங்க சட்டுனு நிறுத்துனா மொத ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டு மூணு நாள்ல இல்லாதது கண்ணுக்கு தெரியும், ஆள் எடம் தெரியாம பேசுவாங்க, உயிருக்கே ஆபத்து. இது பேய் இல்ல. ஆஸ்பத்திரில நடுக்கத்துக்கு மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டு கொஞ்சம் கொஞ்சமா எறக்குவாங்க. எத்தன வருஷம், தெனம் எவ்ளோ, கடைசியா எப்ப குடிச்சான், மூணையும் மறைக்காம சொல்லு. அந்த பொடில என்ன இருக்குன்னு யாருக்கு தெரியும்? டைசல்ஃபிராம்னு குடிய நிறுத்த குடுக்கற மருந்து கலந்திருந்தா, அவன் தெரியாம மேல குடிச்சான்னா வாந்தி, நெஞ்சு வலி, பிரஷர் எறங்கி விழுந்துருவான். டாக்டர் குடுத்தா கூட அவனுக்கு சொல்லி, அவன் சம்மதத்தோடதான் குடுப்பாங்க.

மஞ்சக்குப்பம்_வாசி:
எல்லைல இருக்கற கடைய பூரா மூடுனாதான் நம்ம ஊரு உருப்படும்.

பாகூர்காரன்:
அண்ணே கடை கொறையணும், நானும் சொல்றேன். ஆனா ஒடம்பு கேக்கறவன் கடை இல்லன்னா விஷத்தையும் குடிப்பான். 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம், ரெண்டு எடத்துலயும் கள்ளச்சாராயத்துல இருந்த மெத்தனால்ங்கற விஷம்தான், கள்ளக்குறிச்சில மட்டும் 60 பேருக்கு மேல போனாங்க, முக்காவாசி கூலி வேலைக்கு போற ஜனங்க.

தங்கச்சி, நான் குடிய விட்டு நாலு வருஷம் ஆவுது. மூணு தடவ வீட்லயே நிறுத்தி பாத்தேன், மூணு தடவயும் நடுக்கம் தாங்காம திரும்ப குடிச்சேன், வீட்ல எல்லாரும் எனக்கு வைராக்கியம் இல்லன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலாவது தடவ பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரில சேந்துதான் ஒடம்பு நெலைக்கு வந்துது. அதோட முடியல, அப்பறம் ஏஏ மீட்டிங் (குடிய விட்டவங்க, விட நெனைக்கறவங்க கூடி பேசறது) போனேன், இன்னும் போறேன். கூலிய வாரா வாரம் மேஸ்திரியே நேரா வீட்டுக்காரி கையில குடுத்துருவாரு, நான்தான் கேட்டுகிட்டேன். வீட்டுக்கு வந்தப்பறம் பேச ஆள் வேணும்னா 14446, போதை மறுவாழ்வு ஹெல்ப்லைன், காசு கெடையாது. அண்ணிக்கு மனசு தாங்கலன்னா 14416 டெலி மானஸ், மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். பாவம், அந்த அண்ணியயும் யாராவது கேளுங்க.

கடலூர்_ஓடி_பொண்ணு:
ஜிஹெச்ல இருக்கோம். அட்மிஷன் போட்டாச்சு, ட்ரிப்ஸ் ஏறுது. நர்ஸ் அக்கா சொன்ன மூணையும் மறைக்காம சொன்னேன், அம்மா அழுதாங்க. புள்ள ஸ்கூல் யூனிஃபார்மோட வந்து அவன் கால்மாட்டுல ஒக்காந்திருக்கு.