மறு: ‘பக்கவாட்டு நகர்வு’ வேண்டாமே, ‘மண்டல மாற்றல்’ எப்படி?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்,

மூணு நாளா இந்த இழையைப் படிச்சிட்டு வரேன். இங்கிலாந்து கீழ்மட்டக் கால்பந்து பத்தி கட்டுரை எழுதுறவர் தமிழ் கேட்டது ரெண்டே சொல்லுக்குத்தான், ‘லேட்டரல் மூவ்’ (ஒரு கிளப்பை அதே மட்டத்துல வேற மண்டல லீக்ல போடுறது), ‘டிராவல் பர்டன்’, ஆனா பதில் எல்லாம் அகராதியை மட்டும் பாத்து வருதோன்னு எனக்கு ஒரு கவலை. அங்க என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துட்டு சொல்லைத் தேடலாம்னுதான் எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

> லேட்டரல் மூவ் = பக்கவாட்டு நகர்வு. இதுல என்ன சிக்கல்னு புரியல.

சிக்கல் இருக்கு ஐயா. நகர்வுன்னு சொன்னா நகர்றது கிளப்தான்னு ஆயிடுது. அங்க கிளப் ஒண்ணுமே செய்யறதில்ல, அதே ஊர், அதே மைதானம், போன சீசன்ல ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, நடுவுல ஏதோ ஒரு இடத்துல முடிச்சிருக்கும். சீசன் முடிஞ்சு மே மாசம் வாக்குல கால்பந்து சங்கத்தோட லீக் கமிட்டி ஒரு பட்டியல் போடும், அதுல நேத்து வரைக்கும் தெற்குல இருந்த கிளப் வடக்குல இருக்கும். நகர்ந்தது கோடுதான்.

அந்தக் கோடு ஏன் நகருதுன்னு பாக்கணும். அஞ்சாம் அடுக்கான நேஷனல் லீக் நாடு முழுசுக்கும் ஒண்ணு, 24 கிளப். அதுக்குக் கீழ ஆறாம் அடுக்குலதான் முதல் தடவையா நாடு ரெண்டாப் பிரியுது, நேஷனல் லீக் வடக்கு, நேஷனல் லீக் தெற்கு, ஒவ்வொண்ணுலயும் 24. இந்த ஏற்பாடு 2004-ல வந்தது, அப்ப பேரு கான்ஃபரன்ஸ் வடக்கு, கான்ஃபரன்ஸ் தெற்கு. மேல இருந்து வருஷத்துக்கு நாலு கிளப் இறங்கும், அந்த நாலும் எந்த ஊர்னு யார் கையிலயும் இல்ல. நாலுமே லண்டன் பக்கத்துக் கிளப்பா இருந்தா என்ன ஆகும்? கீழ ஏழாம் அடுக்குல நாலு லீக், நார்தர்ன் பிரீமியர், சதர்ன் சென்ட்ரல், சதர்ன் சவுத், இஸ்த்மியன், அதுல ஒவ்வொண்ணுல இருந்தும் ரெண்டு ரெண்டா ஏறி வரும், அதுலயும் தெற்கு ஊர்தான் ஜாஸ்தி. தெற்கு நிரம்பி வழியும்போது தெற்குலயே கொஞ்சம் வடக்கா இருக்கிற கிளப் எதுவோ அதைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாத்தான் 24, 24 கணக்கு நிக்கும். அதனால அடி விழறது எப்பவுமே நடுவுல இருக்கிற ஊருக்குத்தான், மிட்லாண்ட்ஸ், கிழக்கு ஆங்லியா, குளோஸ்டர் பக்கம்.

குளோஸ்டர் சிட்டி கிளப்பையே எடுத்துக்கோங்க. 2009-ல இருந்து வடக்குல ஆடுனாங்க, 2017-ல தெற்குக்குத் தள்ளுனாங்க, 2019-ல திரும்ப வடக்குக்கு. இத்தனைக்கும் 2007 வெள்ளத்துல சொந்த மைதானம் போயி 2020 வரைக்கும் ஊருக்கு வெளிய வாடகை மைதானத்துல ஆடிட்டிருந்த கிளப் அது.

இது இன்னிக்கு வந்த பிரச்சினையும் இல்ல. 1921-ல மூணாம் டிவிஷனை வடக்கு தெற்குன்னு பிரிச்சதே பயணத்தைக் குறைக்கத்தான், 1958 வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு, அந்தக் காலத்துலயும் வால்சல், மான்ஸ்ஃபீல்டு மாதிரி கிளப்புகளை வடக்குக்கும் தெற்குக்கும் மாத்தி மாத்திப் போட்டாங்க. நூறு வருஷமா நடக்கிற ஒரு விஷயத்துக்கு நாம இப்பத்தான் பேர் தேடறோம்.

> இடமாற்றம்னு சுருக்கமா முடிச்சிடலாமே?

இது எனக்கும் முதல்ல பிடிச்சுது. ஆனா கிளப்பே ஊரை விட்டுப் போறது தனி விஷயம். விம்பிள்டன் கிளப் 2003-ல லண்டனை விட்டு மில்டன் கீன்ஸ் போச்சு, அடுத்த வருஷம் பேரையே மாத்திக்கிச்சு. அதுக்குத்தான் இடமாற்றம் பொருந்தும். அந்த விஷயத்துல ரசிகர்கள் பட்ட வேதனை வேற மாதிரி, ரெண்டுக்கும் ஒரே சொல்லை வச்சா கட்டுரை படிக்கிறவர் குளோஸ்டர்காரங்க வடக்குல எங்கயோ குடி போயிட்டாங்கன்னு நினைப்பார்.

அதனால என் பரிந்துரை மண்டல மாற்றல். மாற்றம் இல்ல, மாற்றல். நம்ம வீடுகள்ல “அவருக்கு மாற்றல் ஆயிடுச்சு”ன்னு சொன்னா ஒரு விளக்கமும் வேண்டாம், அதே பதவி, அதே சம்பளம், மேல இருந்து ஆர்டர் வந்தது, போய்த்தான் ஆகணும், பிள்ளைங்க படிப்பு, வயசான அம்மா அப்பா எல்லாத்தையும் இனிமே எப்படிப் பாத்துக்கிறதுன்னு அன்னிக்கு ராத்திரியே வீட்ல பேச்சு ஆரம்பிச்சிடும். லேட்டரல் மூவ்ல இருக்கிற ஒவ்வொரு அம்சமும் இந்த ஒரு சொல்லுக்குள்ள ஏற்கெனவே இருக்கு. மேல்முறையீடு பண்ணலாம்கிறது உட்பட, அங்கயும் கிளப்புகள் அப்பீல் பண்றாங்க. வினையாவும் நல்லா வளையுது: மாற்றலாச்சு, மாற்றலாகி வந்த கிளப், மாற்றலை எதிர்த்து அப்பீல். ‘பக்கவாட்டு நகர்வடைந்த கிளப்’னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்டு கிளப் உதாரணத்தை ஒருத்தர் கொடுத்திருந்தார், அவங்களுக்கு 2023-ல நடந்தது இதுல சேராது. அவங்க 2023-ல இஸ்த்மியன் சாம்பியனா மேல ஏறி வந்தப்பவே வடக்குல போட்டாங்க. ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர், லண்டனுக்குப் போறது அவங்களுக்கு ஒரு விஷயமே இல்ல, ஆனா லீக் ஆட்டத்துக்கு நார்தம்பர்லாண்ட் கடற்கரையில இருக்கிற ப்ளைத் வரைக்கும் போகணும். அந்த சீசன்லயே இறங்கிட்டாங்க. அடுத்த வருஷம் கிழக்கு ஆங்லியாவோட சஃபக்ல இருந்து நீதம் மார்க்கெட் கிளப் ஏறி வந்தாங்க, அவங்களையும் வடக்குலயே போட்டாங்க, அவங்களும் ஒரே சீசன்ல இறங்குனாங்க. பயணம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா ஒரு சின்ன கிளப் மேல ஏறி வரும்போது அதோட முதுகுல இதையும் ஏத்துறது நியாயமா எனக்குப் படல. இப்படி ஏறி வர்ற கிளப்பை ஒரு மண்டலத்துல போடுறதுக்குச் சொல் ‘மண்டல ஒதுக்கீடு’. ஒதுக்கீடுன்னா இட ஒதுக்கீடு ஞாபகம் வருதுன்னு ஒரு ஆட்சேபம் வந்திருக்கு, மனை ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடுன்னு புழங்கிட்டுத்தானே இருக்கோம், பரவாயில்ல.

லீக் மட்டத்தைச் சொல்ற டியர், ஸ்டெப் ரெண்டையும் தயவுசெஞ்சு கலக்காதீங்க. டியர் உச்சியில இருந்து எண்றது, ஸ்டெப் நேஷனல் லீக்ல இருந்து எண்றது, அதாவது அஞ்சாம் அடுக்கு = படி 1, ஆறாம் அடுக்கு = படி 2. அடுக்கு, படின்னு வச்சுக்கிட்டா போதும்.

> டிராவல் பர்டன் = பயணச் சுமை. இதுல விவாதமே தேவையில்லை.

எனக்கு இங்கதான் மனசு ஆறல. பயணச் சுமைன்னா பஸ் வாடகை, ஹோட்டல், மைல் கணக்கு. அது சரிதான், அட்டவணையில போடலாம். ட்ரூரோ சிட்டி 2025-ல நேஷனல் லீக் தெற்கு சாம்பியனாகி மேல ஏறுச்சு, தென்மேற்கு மூலையில இருக்கிற கார்ன்வால்ல இருந்து அந்த அடுக்கை எட்டுன முதல் கிளப், அவங்க வடகிழக்குல இருக்கிற கேட்ஸ்ஹெட் போக ஒரு வழிக்கே சுமார் 450 மைல், அதாவது 720 கிலோமீட்டருக்கு மேல. இது சுமை, எண்ணிக்கையில சொல்லிடலாம். ஆங்கிலக் கால்வாய்ல இருக்கிற கெர்ன்ஸி தீவு கிளப்போட ஏற்பாடும் சுமைக் கணக்குதான், லீக்ல இருக்கணும்னா ஆட வர்ற கிளப்போட பயணச் செலவையும் அவங்களே ஏத்துக்கணும்.

ஆனா படி 2, படி 3-ல ஆடுறவங்கள்ல நிறைய பேர் பகுதிநேரம், பகல்ல வேற வேலைக்குப் போறவங்க. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆட்டம்னா மத்தியானமே லீவு சொல்லிட்டு பஸ் ஏறணும், ஆட்டம் முடிஞ்சு குளிச்சு வண்டி கிளம்பவே பத்து மணிக்கு மேல ஆயிடும், வீடு வந்து சேர விடியற்காலை, புதன்கிழமை காலையில மறுபடி சைட்டுக்கோ ஸ்கூலுக்கோ போயாகணும். இதைச் சுமைன்னா போதுமா? நம்மகிட்ட அலைச்சல்னு ஒரு சொல் சும்மா கிடக்குது. ஒடம்பு அசந்து போறது, மனசு சலிக்கிறது, இந்த வருஷத்தோட போதும்டான்னு ஆட்டக்காரர் பக்கத்து ஊர் கிளப்புக்குப் போயிடறது, எல்லாம் அதுலதான் இருக்கு. 2023–24 சீசன்ல கொஞ்ச காலம் ட்ரூரோவுக்கு சொந்த மைதானம் இல்லாம, மூணு மணி நேரத்துக்கு மேல பயணம் பண்ணி குளோஸ்டர்ல போய் ‘உள்ளூர்’ ஆட்டம் ஆடுனாங்க. அந்த நிலைமைக்கு அலைச்சலை விட்டா வேற சொல் எனக்குத் தெரியல.

அதனால செலவும் தூரமும் பேசுற இடத்துல பயணச் சுமை, ஆளுங்களைப் பத்திப் பேசுற இடத்துல அலைச்சல், ரெண்டையும் வச்சுக்கலாம். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான்னு விதி ஒண்ணும் இல்லையே. கார்ன்வால்ல பாட்மின் டவுன் கிளப் பல தடவை அந்தப் பகுதியோட தென்மேற்கு தீபகற்ப லீக் சாம்பியனாகியும் மேல போகல. ஜெயிச்ச கிளப் ஏன் ஏறலன்னு கட்டுரையில விளக்கும்போது ‘பயணச் சுமை காரணமாக’ன்னு எழுதுனா செலவு மட்டும்தான் தெரியும், ‘செலவும் அலைச்சலும் தாங்காது என்று’ன்னு எழுதுனா அதுக்குள்ள ஆளுங்க தெரிவாங்க.

பெரிக் ரேஞ்சர்ஸ் கிளப் பத்தி கேட்டவருக்கு: ஊர் இங்கிலாந்துல, ஆடுறது ஸ்காட்லாந்து லீக்ல. எந்த கமிட்டியும் தள்ளி விடல, எல்லைக்கு அந்தப் பக்கம் கிட்டங்கிறதால அவங்களே அங்க சேர்ந்து ஆடுறாங்க, அதனால அதை மாற்றல்னு எழுதாதீங்க. அதுக்கு என்ன சொல்லலாம்னு எனக்கு இன்னும் பிடிபடல. ‘எல்லை தாண்டிய உறுப்பு’ன்னு ஒண்ணு தோணுச்சு, கரடுமுரடா இருக்கு, நல்லதா தோணுனா யாராவது இதே இழையில போடுங்க.