12ஆம் வரிசையில் 13: லெவல் ஷிஃப்டர்களோடு எங்கள் அனுபவங்கள்

எஸ்ரேம் வடிவமைப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நினைவகச் சில்லுகளில் லெவல் ஷிஃப்டரால் (தாழ்ந்த மின்னழுத்தச் சிக்னலை உயர்ந்த மின்னழுத்தத்துக்கு மாற்றும் சர்க்யூட்) அவதிப்பட்டவர்கள் இங்கே எழுத வேண்டும் என்பது என் விருப்பம். என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் எஸ்ரேமுக்கு (மின்சாரம் உள்ளவரை தரவைத் தாங்கும் நினைவகம்) இரண்டு மின்வழங்கல்கள் இருந்தன. ஒவ்வொரு பிட்டையும் வைத்திருக்கும் செல்கள் தரவை இழக்காமலிருக்க அவற்றுக்கு நிலையாக 0.9 வோல்ட்டும், மின்செலவைக் குறைப்பதற்காக, வரிசையைத் தேர்ந்தெடுக்கும் டிகோடர் முதலான புறச் சர்க்யூட்டுகளுக்கு 0.6 வோல்ட்டும் கொடுத்திருந்தோம். 0.6 வோல்ட் சிக்னலை நேராக 0.9 வோல்ட் இன்வெர்ட்டருக்கு (சிக்னலைத் தலைகீழாக்கும் சர்க்யூட்) கொடுத்தால் அதன் பி-மாஸ் (வெளியீட்டை மேலே இழுக்கும் டிரான்சிஸ்டர்) முழுவதும் அணையாமல் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு வேர்ட்லைன் (ஒரு வரிசைச் செல்களைத் திறக்கும் கம்பி) டிரைவருக்கு முன்பும் ஒரு லெவல் ஷிஃப்டரை வைத்தோம்.

உறக்க நிலையில் 0.6 வோல்ட் துண்டிக்கப்படும். செல்களுக்கு மட்டும் மின்சாரம் தொடரும். விழித்தெழுந்த பிறகு சில வரிசைகளில் தரவு மாறியிருந்தது. செல்கள்தான் பலவீனமானவை என்று எண்ணிப் பல நாட்களை வீணாக்கினோம். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் அதன் எண்ணையே தரவாக எழுதிவிட்டுச் சில்லை உறங்க வைத்து எழுப்பினேன். 12ஆம் வரிசையைப் படித்தபோது 13 வந்தது. தரவு சிதையவில்லை, பக்கத்து வரிசையிலிருந்து அப்படியே நகலாகியிருக்கிறது என்று கண்ட அந்த நொடியில்தான் எனக்கு வழி தெரிந்தது. இரண்டு வேர்ட்லைன்கள் எழுந்திருக்கின்றன. முதலில் எழுந்த வரிசை பிட்லைன்களை (செல்களின் தரவு போய்வரும் கம்பிகள்) தன் தரவின்படி இறக்கிவிட, பின்னால் எழுந்த வரிசையில் அதுவே எழுதப்பட்டிருக்கிறது.

காரணம் எளிது. லெவல் ஷிஃப்டருக்கு ஒரு சிக்னலும் அதன் எதிர்மறையும் உள்ளீடாகச் செல்கின்றன. 0.6 வோல்ட் வற்றும்போது இரண்டுமே சுழியாகி, இரண்டு என்-மாஸ்களும் (வெளியீட்டைக் கீழே இழுக்கும் டிரான்சிஸ்டர்கள்) அணைந்துவிடுகின்றன. அதன் பிறகு வெளியீடு எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கசிவு மின்னோட்டம்தான் முடிவு செய்கிறது. வேர்ட்லைனைத் தரையோடு பிடித்து வைக்க ஒரு கிளாம்ப் டிரான்சிஸ்டரைச் சேர்த்தோம். அதை இயக்கும் உறக்கச் சிக்னலை 0.6 வோல்ட் பகுதியிலிருந்தே எடுத்தது என் தவறு; காக்க வேண்டிய நேரத்தில் அதுவும் சேர்ந்தே செத்துப்போனது. அடுத்த பதிப்பில் அச்சிக்னலை 0.9 வோல்ட் பகுதிக்கு மாற்றிய பிறகே குறை தீர்ந்தது.

சோதனைப் பிரிவுப் பொறியாளர்:

மேலே சொன்னது மின்சாரம் போகும்போது வந்த சிக்கல். எங்களுக்கு மின்சாரம் இருக்கும்போதே வந்தது. குறுக்கிணைப்பு பி-மாஸ் ஜோடி (ஒன்றின் வெளியீடு மற்றதைக் கட்டுப்படுத்தும் ஜோடி) கொண்ட வழக்கமான லெவல் ஷிஃப்டரில், தாழ்ந்த மின்னழுத்தத்தில் இயங்கும் என்-மாஸ், உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும் பி-மாஸை எதிர்த்து இழுத்து வெல்ல வேண்டும். எங்கள் சில்லு அறை வெப்பநிலையிலும் சூட்டிலும் ஒழுங்காக வேலை செய்தது. −40 டிகிரியில் தரவைப் படிப்பதில் தவறுகள் வந்தன. குளிரில் த்ரெஷோல்ட் மின்னழுத்தம் (டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் அளவு) உயர்வதால், ஏற்கெனவே அதன் விளிம்பில் இயங்கும் என்-மாஸ் மேலும் சோர்ந்துபோகிறது. என்-மாஸ் மெதுவாகவும் பி-மாஸ் வேகமாகவும் அமைந்த சில்லுகளே முதலில் விழுந்தன.

பி-மாஸோடு தொடராக இன்னொரு பி-மாஸை வைத்து, அதை உள்ளீட்டுச் சிக்னலாலேயே கட்டுப்படுத்தி, பி-மாஸின் எதிரிழுப்பை எங்கள் வடிவமைப்பாளர்கள் தளர்த்தினார்கள். ஆனாலும் படிப்புத் தவறு முழுவதும் நிற்கவில்லை. வேர்ட்லைன் லெவல் ஷிஃப்டரைக் கடந்து தாமதமாக எழ, சென்ஸ் ஆம்ப்ளிஃபயரை (பிட்லைன்களின் சிறு வேறுபாட்டைக் கொண்டு தரவைப் படிக்கும் சர்க்யூட்) முடுக்கும் சிக்னலோ தாழ்ந்த மின்னழுத்தப் பகுதியிலேயே கிளம்பி முந்திக்கொண்டிருந்தது. அந்தப் பாதையிலும் அதே வகை லெவல் ஷிஃப்டரை வைத்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. இரண்டு மின்னழுத்தங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் வடிவமைப்புகளில் இதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போர்டு வடிவமைப்பாளர்:

நான் சில்லுக்கு வெளியே வேலை செய்பவன். டிடிஆர்4 டிரேமில் (கணினிகளின் முதன்மை நினைவக வகைகளில் ஒன்று) 1.2 வோல்ட்டோடு, வேர்ட்லைனுக்கென விபிபி என்ற 2.5 வோல்ட் வழங்கலும் தனியாக வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. செல்லின் என்-மாஸ் வழியே முழு ‘1’ உள்ளே செல்ல, வேர்ட்லைன் பிட்லைனைவிட ஒரு த்ரெஷோல்ட் அளவுக்கும் மேலே எழ வேண்டும். விபிபி 1.2 வோல்ட்டுக்கு முன்பாகவோ அதனுடனோ ஏற வேண்டும் என்றும், எப்போதும் 1.2 வோல்ட் வழங்கலுக்குக் குறையக்கூடாது என்றும் விதி இருக்கிறது. என் போர்டில் 2.5 வோல்ட் ரெகுலேட்டர் சற்றுத் தாமதமாக எழுந்தது. ஆசிலாஸ்கோப்பில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுவதைப் பார்த்தும், சில மில்லி நொடிதானே என்று விட்டுவிட்டேன். சில போர்டுகள் இயங்கத் தொடங்காமல் நின்ற பிறகு, 2.5 வோல்ட் நிலைபெற்றதைத் தெரிவிக்கும் சிக்னலைக் கொண்டு 1.2 வோல்ட் ரெகுலேட்டரை முடுக்கும்படி மாற்றினேன். மின்சாரத்தை நிறுத்தும்போதும் இந்த விதி பொருந்தும் என்பதால், 1.2 வோல்ட் முதலில் வடியுமாறு டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்க்க வேண்டியிருந்தது.

எஸ்ரேம் வடிவமைப்பாளர்:

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். விழித்தெழும்போது 0.6 வோல்ட் முழுவதும் நிலைபெற்று, டிகோடரின் வெளியீடுகள் அனைத்தும் சுழிக்கு வந்த பிறகே கிளாம்பை விடுவிக்க வேண்டும். எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் அது இப்போது தனி வரியாகவே இருக்கிறது.